சிவப்புத் துணியும் மூன்று நாள் பயிற்சியும்

அறுபதுகளின் தொடக்கத்தில் வட்டக்கச்சிக்கு அப்பால் ஒரு குடியேற்றப் பள்ளிக்கூடத்தில் நான் தலைமை ஆசிரியராக இருந்தேன். தலைமை ஆசிரியர் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். என் தலைமைக்குக் கீழே இருந்தது ஒரேயொரு டீச்சர்தான். அவருடைய தமையன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றுக் குடியேறியவர். அந்த வீட்டிலிருந்து டீச்சர் வாய்க்கால் கட்டு வழியாக நடந்து வருவார்.

பள்ளிக்கூடம் ஒரு நீளக் கொட்டில். கிடுகுக் கூரை, அரைச்சுவர், நடுவில் ஒரு தட்டி மறைப்புக்கூடக் கிடையாது. நான் நாலாம் வகுப்புக்குச் சரித்திரம் சொல்லும்போது பக்கத்தில் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு கத்தும். ஒரு தவணைப் பரீட்சையில் ஒரு பிள்ளை, அரசன் 'மூவேழு இருபத்தொரு' ஆண்டு ஆண்டான் என்று எழுதியிருந்தது. கணக்கு சரி என்பதால் அரைப் புள்ளி போட்டேன்.

படிப்பிப்பதோடு வேலை முடியாது. பிள்ளைகளின் வரவை இடாப்பில் மார்க் பண்ண வேண்டும், பால்மா கரைக்க வேண்டும், பணிஸ் பங்கிட வேண்டும். குடியேறிய சனங்களுக்குக் காணிக் கந்தோரில் இருந்து வரும் கடிதங்களை வாசித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் கல்விக் கந்தோரில் இருந்து ஒரு கடிதம் வந்தது. பல வகுப்புகளை ஒரே நேரத்தில் கற்பிப்பது எப்படி என்று கிளிநொச்சியில் மூன்று நாள் பயிற்சி. பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் வர வேண்டும்.

"டீச்சர், நீங்கள் போறீங்களோ?" என்று மரியாதைக்குக் கேட்டேன். அவர் ஓம் என்றுவிடுவாரோ என்று உள்ளுக்குள் பயம்.

"நீங்கள்தானே தலைமை. நீங்கள் போட்டு வாங்கோ, மாஸ்டர்."

"அஞ்சு வகுப்பையும் தனியச் சமாளிப்பீங்களோ?"

"போட்டு வாங்கோவன்" என்றார்.

பயிற்சியில் வடையும் தேநீரும் நன்றாக இருந்தன. விரிவுரையாளர் சலவை மடிப்புக் கலையாதவர். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனிக் குறிப்பு எழுத வேண்டும் என்றார். நான் எழும்பி, "சேர், இவ்வளவையும் எழுதி முடிச்சால் படிப்பிக்க எப்ப நேரம்?" என்று கேட்டேன்.

"திட்டமிட்டால் நேரம் தானா வரும். இதையும் குறிச்சுக்கொள்ளுங்கோ."

குறித்துக்கொண்டோம். எனக்குப் பக்கத்தில் இருந்த கொக்கிளாய்ப் பக்கத்து ஆசிரியர் கண்ணைத் திறந்தபடியே நித்திரை கொண்டார். அந்த மூன்று நாளும் நான் கண்ட வித்தைகளில் உடனே பயன்படக்கூடியது அதுதான்.

நாலாம் நாள் காலை, தடித்த கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, டீச்சருக்கு எதை முதலில் சொல்லிக் கொடுப்பது என்று யோசித்தபடி, பஸ்ஸால் இறங்கிச் சைக்கிளில் போனேன். பஸ் பிந்தியதால் பள்ளி தொடங்கியிருந்தது. கிட்டப் போயும் சத்தமில்லை. இன்றைக்கு லீவோ என்றுகூட நினைத்தேன்.

உள்ளே வாங்குகள் எல்லாம் திசைக்கொன்றாகத் திரும்பியிருந்தன. இரண்டாம் வகுப்பின் முன்வாங்கில் ஒரு சிவப்புத் துணி தொங்கியது. அந்த வகுப்பு மட்டும் மெல்லிய குரலில் பாட்டுப் பாட, மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு கொட்டிலின் பின்னால் முடிச்சுப் போட்ட கயிற்றால் மரக்கறிப் பாத்தியை அளந்துகொண்டிருந்தது.

"என்ன டீச்சர் இது?"

"எனக்கு ஒரு வாய்தானே, மாஸ்டர். அதால ஒரு நேரத்தில ஒரு வகுப்போடதான் கதைப்பன். துணி எங்க தொங்குதோ அவைதான் வாய் திறக்கலாம். மற்றவை எழுதோணும், இல்லாட்டி அளக்கோணும்." பிறகு என் கக்கத்தைப் பார்த்தார். "கொப்பியில என்ன கொண்டு வந்தனீங்கள்?"

"பிறகு சொல்லுறன்" என்றேன். அந்தப் பிறகு வரவேயில்லை.

இரண்டு கிழமையில் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வித்தியாதரிசி வந்தார். அமைதியைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம், "இந்தத் துணி என்ன?" என்று கேட்டார்.

"அது எங்கட வாய், சேர்."

வித்தியாதரிசி சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "இது எங்க பழகினது, மாஸ்டர்?"

"நான் மூண்டு நாள் பயிற்சிக்குப் போட்டு வந்தனான், சேர்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பயிற்சியின் பயன் இங்கே கண்கூடாகத் தெரிகிறது என்று அவர் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். டீச்சர் தலை நிமிராமல் பால் வார்த்துக்கொண்டிருந்தார். சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பள்ளி விட்டுப் போகும்போதுதான் கேட்டார்:

"மாஸ்டர், அந்தக் கொப்பியை ஒருக்கால் தாங்கோ. நானும் பயிற்சியின்ர பயனைப் பாப்பம்."

அடுத்த நாளே வித்தியாதரிசிக்கு உண்மையை எழுதினேன். இரண்டு தரம் கிழித்து, மூன்றாம் தரம் எழுதியதைத் தபாலில் போட்டேன். அடுத்த பயிற்சிக்கு டீச்சர் வந்து தம் முறையை விளக்க வேண்டும் என்று பதில் வந்தது. இம்முறை தனியே நின்றவன் நான்.

முதல் நாள் துணியை மாற்ற மறந்துபோனேன். ஒன்றாம் வகுப்பு பால் குடிக்கும் நேரம்வரை உரிமையோடு கத்தியது. இரண்டாம் நாள், துணி தங்களுக்கு வரவேண்டும் என்று நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் இழுபட்டு அது இரண்டாகக் கிழிந்தது. அதன்பின் இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் சட்டப்படி கத்தின. மூன்றாம் நாள் காலை ஒரு சின்னப் பெட்டை என்னிடம் வந்து, "டீச்சர் எப்ப வருவா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு."

"அப்ப நானும் நாளைக்கு வாறன்" என்று சிலேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

டீச்சர் திரும்பி வந்ததும், "என்னவாம்?" என்று கேட்டேன்.

"பாடக் குறிப்பு எங்க எண்டு கேட்டவை. எழுத நேரம் கிடைக்கேல்லை, படிப்பிச்சுக்கொண்டு இருந்தனான் எண்டு சொன்னன். எல்லாரும் சிரிச்சவை. அந்த விரிவுரையாளர் சேரும் சிரிச்சவர்."

சிரித்ததோடு விடவில்லை. அடுத்த மாதம் டீச்சருக்கு மாற்றக் கடிதம் வந்தது. இனி அவர் வவுனியாவில் இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். பள்ளிக்கூடங்களின் தரம் உயர வேண்டும் என்பதற்காக, என் பள்ளிக்கூடத்தின் தரத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறார்கள்! உண்மை எழுதிய கையை நானே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"நான் வரேலாது எண்டு எழுதட்டே, மாஸ்டர்?" என்று கேட்டார்.

எழுதுங்கோ என்றுதான் வாய்வரை வந்தது. ஆனால் அவருடைய முகத்தில் போகும் ஆசை தெரிந்தது. "போங்கோ டீச்சர். அங்க ஆரும் நித்திரை கொள்ளாமப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் சிரித்தார். கண் கலங்கியிருந்ததையும் கண்டேன்.

ஏழு மாதம் தனியே நின்றேன். ஆள் வேண்டும் என்று கந்தோருக்கு மூன்று கடிதம் போட்டேன். வரவேண்டியவர் பயிற்சியில் இருக்கிறார், பொறுத்திருக்கவும் என்று பதில் வந்தது. பொறுத்திருந்தேன். வேறென்ன செய்வது?

ஒரு திங்கட்கிழமை இளம் ஆசிரியர் ஒருவர் றங்குப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றார்.

"இங்க எத்தினை பேர் படிப்பிக்கினம், சேர்?"

"நீங்கள் வந்ததோட ரெண்டு பேர்" என்று மூன்று வகுப்பின் இடாப்புகளை அவர் கையில் வைத்தேன். அன்றுதான் ஏழு மாதத்தில் முதல் தரமாக மத்தியானச் சாப்பாட்டைக் கதிரையில் இருந்து சாப்பிட்டேன்.