துரை களவெடுத்த பனங்கட்டி

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மணி அவர்களே,

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு குதிரை நின்றது என்று நான் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். தாங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்ற துணிவோடு அதனை இங்கே எழுதத் தொடங்குகிறேன்.

கொழும்பில் குதிரைப் பந்தயம் நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. என் தாயாரின் தம்பியாகிய மாமா எங்களோடுதான் வசித்துவந்தார். ஒருநாள் காலை அவர் வழக்கம்போல் வெள்ளைச் சட்டையை மடிப்புக் குலையாமல் அணிந்துகொண்டு கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்குப் புறப்பட்டார். மாலையில் ஒரு பழைய பந்தயக் குதிரையைக் கையிற் பிடித்தபடி திரும்பி வந்தார். கந்தோர் வேலையை விட்டுவிட்டாராம். காலிமுகத்திடலிற் பிள்ளைகளை ஏற்றி நடத்துவதும், கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையைச் சுமப்பதும் இனி அவருக்கும் குதிரைக்கும் தொழிலென்று அறிவித்தார். அந்தக் கந்தோர் வேலையோ, என் தகப்பனார் பெரியவர்கள் பலரின் வாசல்களில் நின்று எடுத்துக் கொடுத்தது. அவர் குதிரையை மேலுங் கீழுமாகப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார். அன்று முதல் மைத்துனர் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

ஒரே கூரையின் கீழ், ஒரே பானைச் சோற்றை உண்டுகொண்டு இரண்டு ஆண்கள் பேசாமல் இருப்பதென்றால் இடையில் ஓர் ஆள் வேண்டும். அந்த உத்தியோகம், ஒன்பது வயதுடைய எனக்குக் கிடைத்தது.

"பிள்ளை, உன்ரை மாமாவிட்டைச் சொல்லு, கேற்றைச் சாத்திப்போட்டு வரச்சொல்லி," என்பார் தகப்பனார்.

"கொப்பரிட்டைச் சொல்லு, கேற்று அப்பவே சாத்தியாச்சு எண்டு," என்று கொப்பராகிய தகப்பனாருக்கு மாமா பதில் அனுப்புவார்.

இருவரும் ஒருவரையொருவர் தொட்டுவிடும் தூரத்தில் நின்றே இவ்வாறு கதைப்பார்கள். நானும் இருபுறமும் தலையைத் திருப்பித் திருப்பி, கேட்டதைக் கேட்டபடியே ஒப்புவிப்பேன்.

குதிரைக்குத் துரை என்று பெயர். மூக்கை உயர்த்தி, இமையைத் தாழ்த்தி, நாம் எல்லோரும் அதனிடம் மனுக் கொண்டு வந்து நிற்பவர்கள்போல அது பார்ப்பதனால் மாமா வைத்த பெயர். நாம் நீட்டும் எதனையும் அது உடனே ஏற்காது. மோந்து பார்க்கும், மூச்சை விடும், முகத்தைத் திருப்பும். பின்னர் நாம் பாராத வேளையில் எடுத்துக்கொள்ளும்.

மழை மாதம் ஒன்றில் துரைக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டன. மூக்கிலிருந்து சளி வடிந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. மிருக வைத்தியர் வந்து, காதை மார்பில் வைத்துக் கேட்டு, ஒரு தகரம் நிறைய மஞ்சள் நிறத் தூள் கொடுத்தார். நாள் தவறாமல் உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் நெஞ்சில் இறங்கிவிடும், பிறகு தம்மை அழைத்துப் பயனில்லை என்று சொல்லிச் சென்றார்.

ஐயா, அந்தத் தூளின் கசப்பை நான் அறிவேன். விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்தேன். இரவுச் சாப்பாடுவரை நாக்கு என்னுடையதாக இல்லை.

மாமா அதனை வாழைப்பழத்துள் வைத்தார். துரை பழத்தைத் தின்று தூளைத் துப்பிற்று. பாண் ரொட்டியின் நடுவைக் குடைந்து அடைத்தார்; அது பாணையே மிதித்தது. கரட்டைத் துளைத்து நிரப்பினார். முகர்ந்து பார்த்துவிட்டு மாமாவின் முகத்திலேயே தும்மியது. கடைசியில் போத்தலிற் கரைத்து வாயில் ஊற்றப் போனவர், போத்தலும் தானுமாகச் சேற்றில் விழுந்தார். மாமாவின் ஒரே வெள்ளைச் சட்டை மஞ்சட் சட்டையாயிற்று. துரை இன்னும் இருமிக்கொண்டே நின்றது. மாமா துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நிலத்தில் உட்கார்ந்திருந்தார்.

வழியைக் காட்டியது என் தாயார், அதுவும் தாம் அறியாமல். எங்கள் வீட்டில் மாலைத் தேநீருக்குச் சீனி போடும் வழக்கம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பனங்கட்டியை, அதாவது சிறிய ஓலைக் குட்டானுக்குள் வார்த்து இறுக்கிய பனைவெல்லத்தை, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சங் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீரைக் குடிப்போம். அன்று தாயார் ஒரு கையில் தேநீரும் மறுகையிற் பனங்கட்டியுமாக மதிலோரம் நின்று பக்கத்து வீட்டு அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தார். யாருடைய மகளை யாரோடு எங்கே கண்டது என்னும் முக்கியமான கட்டம். அப்போது துரை பின்னாலிருந்து கழுத்தை நீட்டி, அவர் உள்ளங்கையிலிருந்ததை உதட்டால் துடைத்தெடுத்துப்போயிற்று!

"ஐயோ, என்ரை பனங்கட்டி!" என்று தாயார் கத்தினார். நான் துள்ளினேன். கொடுத்தால் வாங்காதது களவென்றால் விழுங்குகிறது!

மாமாவிடம் ஓடினேன். அவர் பனங்கட்டியை இளக்கி, தூளைப் பிசைந்து, மறுபடி குட்டானில் இறுக்கினார். நானும் அவரும் தேநீரோடு பின்வளவில் அமர்ந்தோம். துரை வரவில்லை. மாமாவுக்கு அதனைக் கடைக்கண்ணாற் பாராமல் இருக்க முடியவில்லை. துரையும் மாமாவையே பார்த்தது. தாயாரை அழைத்து நிறுத்தினோம். அவரோ கையைப் பலகைபோல் விறைப்பாக நீட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

"அக்கா, நீ கதைச்சுக்கொண்டு நில்லன்!" என்றார் மாமா.

"எனக்குக் கதை வருகுதில்லையடா. அது கடிச்சுப்போடும்."

குதிரையைப் பற்றிச் சற்றும் கவலைப்படாத, கதையில் தன்னை மறக்கக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார். அவ்வேளையில்தான் என் தகப்பனார் கந்தோரிலிருந்து வந்து, கால் கழுவப் பின்வளவுக்கு வந்தார்.

"அப்பா, துரைக்குப் பக்கத்திலை இருந்து தேத்தண்ணி குடியுங்கோ! மாமாவோடை கதையுங்கோ! கதைச்சால்தான் களவெடுக்கும்."

"எனக்கு வேறை வேலை இல்லையோ?" என்றார். அப்போது துரை இருமியது. முன்னங்கால்கள் மடங்குமளவுக்கு நீண்ட இருமல். தகப்பனார் வாளியைக் கையில் வைத்தபடியே அதனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு ஒரு பழைய பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, துரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மருந்துப் பனங்கட்டியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மாமா எதிரே குந்தினார்.

தேநீர் உறிஞ்சும் ஓசை மாத்திரம் கேட்டது. துரை அசையவில்லை.

"கதையுங்கோ!" என்று நான் கெஞ்சினேன்.

"பிள்ளை, உன்ரை மாமாவைக் கேள், இந்தத் துரை கடைசியா எப்ப பந்தயத்திலை வெண்டதாம் எண்டு."

"கொப்பரிட்டைச் சொல்லு, அது ஒருநாளும் வெல்லேல்லை எண்டு."

தகப்பனாருக்குத் தேநீர் புரைக்கேறியது. "தோத்த குதிரைக்காகவோ விட்டவர் வேலையை? கேள் பிள்ளை!"

நான் கேட்க வாயெடுக்குமுன் மாமாவே எழுந்துவிட்டார். "அத்தான், அந்தக் கதிரையிலை இருந்து இருந்து எனக்கு விசர் பிடிச்சிருக்கும்! ஒருநாளாவது என்னைக் கேட்டனீங்களோ, விருப்பமோ எண்டு?"

"கேக்கிறதோ? எத்தினை பேரின்ரை காலிலை விழுந்தனான் தெரியுமோ? நீ என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு விட்டிருக்கக்கூடாதோ? குதிரையைப் பாத்தோ நான் அறியவேணும்?"

தகப்பனார் கையை வீசினார். பனங்கட்டி இருந்த கை அது! அந்தக் கை பின்னோக்கிப் போயிற்று. போன இடத்தில் இரண்டு பெரிய உதடுகள் காத்திருந்தன.

தகப்பனார் திரும்பிப் பார்த்தார். துரை மென்றது. நின்றது. காதுகளைப் பின்னே மடித்தது. துப்பப்போகிறது என்று மாமா வாயைப் பொத்திக்கொண்டார். மீண்டும் மென்றது. தொண்டையில் ஓர் உருண்டை மெதுவாக இறங்குவதை மூவரும் கண்டோம்.

"விழுங்கிப்போட்டுது! அத்தான், விழுங்கிப்போட்டுது!" என்று மாமா தகப்பனாரின் தோளைப் பிடித்து உலுக்கினார். தகப்பனார் எச்சில் வழியும் தம் உள்ளங்கையை நோக்கி, "பொல்லாத கள்ளன்" என்றார்.

மறுநாளும் இருவரும் சண்டையிட வேண்டியதாயிற்று, அதற்கு மறுநாளும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓட்டமாய் ஓடி வந்து குட்டான்களை ஆயத்தஞ் செய்வேன். சில நாளிற் சண்டைக்குப் பொருள் தீர்ந்துவிட்டது. வேறு கதைகளை எடுத்தார்கள். ஒருநாள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது எனக்குக் கோபம் வந்தது. விளையாட்டாக இருந்து குதிரையைக் கொன்றுவிடுவார்களோ என்று பயந்தேன். ஆயினும் துரை தவறாமற் களவெடுத்தது. இருமல் குறைந்தது. விலா மறைந்தது. தூள் தகரத்தின் அடி தெரிந்தது. மிருக வைத்தியர் வந்து, இனி மருந்து வேண்டாம் என்றார்.

அன்று மாலை நான் பின்வளவுக்குப் போனேன். தகப்பனார் ஏற்கனவே பெட்டியில் அமர்ந்திருந்தார், தேநீரோடு. மாமா தமக்கொரு பெட்டி கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, மருந்து முடிஞ்சுது," என்றேன். "இனி நீங்கள் மாமாவோடை கதைக்கத் தேவையில்லை."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தகப்பனார் தொண்டையைச் செருமினார்.

"உடனை நிப்பாட்டினால் துரை சந்தேகப்படும். என்ன தம்பி?"

"ஓம் அத்தான். வலு சந்தேகக்காரன்."

அது நியாயமாகவே எனக்குப் பட்டது. ஆகையால் கவனமாகத் திரும்பித் துரையைப் பார்த்தேன். அது எதனையும் சந்தேகிப்பதாகத் தெரியவில்லை. எனினும் மாரி கழிந்து, கோடை வந்து, மறு மாரி தொடங்கிய பின்னும் அவ்விருவரும் அவ்வாறே அமர்ந்து கதைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு குதிரையை ஏமாற்றுவதற்கு இவ்வளவு காலமா என்று நான் வியந்தேனே தவிர, வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஐயா, அம்மணி, இவ்விவரத்தை அறிந்தவர்களில் இன்று நான் ஒருத்தியே இருக்கிறேன். ஆகவே தாங்கள் இதனைப் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.