ரூபினியின் கண்ணாடி கழன்றது

மலேசியாவின் சிம்பாங் அம்பாட்டில் பள்ளி வேன் ஓட்டும் ரூபினிக்கு வயது முப்பத்தொன்பது. ஏழு வயதில் மூக்கில் ஏறிய கண்ணாடி அவள் கல்யாணத்தன்றுகூட இறங்கவில்லை. அது இல்லாவிட்டால் தன் கைவிரலையே எண்ண முடியாது அவளால். தினமும் காலையில் அவள் தேடுவதற்குள் கணவன் எடுத்து மாட்டிவிடுவான். இரண்டு வருடங்களுக்கு முன் மாரடைப்பு அவனைக் கொண்டுபோயிற்று. அதன்பிறகு ஒவ்வொரு விடியலிலும் அவள் மெத்தையைத் துழாவும்போது அவன் இன்னொரு முறை செத்தான். இதற்கு ஒரு முடிவு கட்டுவதென்று, ஜோர்ஜ் டவுன் கிளினிக் ஒன்றில் கண்ணாடியே வேண்டாதபடி கண்ணுக்கு லேசர் சிகிச்சைக்கு நாள் குறித்தாள்.

சேதி கேட்டுக் கணவனின் அண்ணன் ஜெயராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரந்தான் இருந்தது.

"புருஷன் போன பொம்பளைக்கு இனிமே எதுக்கு இந்த அலங்காரம்? கண்ணாடியைக் கழட்டிட்டு யாருக்குக் காட்டப் போறே மூஞ்சியை?"

"எனக்குத்தான் அத்தான்."

"ஊரு சிரிக்கும். கூட்டிட்டுப் போக நான் வரமாட்டேன்லா!"

கத்தியே படாத சிகிச்சை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கத்தியெல்லாம் சொந்தக்காரர் வாயில்தான் இருந்தது.

கிளினிக்கில் தாதி கேட்டாள்: "துணைக்கு யாரு வந்திருக்காங்க அக்கா? முடிஞ்சதும் நீங்க கெரெத்தா, வேன் எதுவும் ஓட்டக்கூடாது. ஆள் இல்லேன்னா இன்னிக்குச் செய்யமாட்டாங்க."

துணை என்ற சொல் சுருக்கென்று தைத்தது. ஆத்திரத்தோடு போனை எடுத்து, தன் வேனில் வரும் பிள்ளையின் தாய் ஷஹீதாவைக் கூப்பிட்டாள். "தினம் உன் மகளை நான் ஏத்துறேன்லே? இன்னிக்கு நீ வந்து என்னை ஏத்திட்டுப் போ."

ஷஹீதா வந்து சேர்ந்ததும் உள்ளே அழைத்தார்கள். சொட்டு மருந்தில் கண் மரத்தது. இமையை விரித்துப் பிடித்து, பச்சை வெளிச்சத்தையே பார்க்கச் சொன்னார் டாக்டர். ஓர் அழுத்தம், சில நொடி இருட்டு, மயிர் கருகுவதுபோல் ஒரு வாடை. அசைந்தால் அத்தான் ஜெயித்துவிடுவார் என்று அசையாமல் கிடந்தாள்.

மறுநாள் விடிந்ததும் கண்ணுக்கு மேலே மின்விசிறியில் அடை அடையாய்த் தூசி தெரிந்தது. இந்த வீட்டையா இத்தனை நாள் சுத்தமென்று நினைத்தோம் என்று சிரிப்பு வந்தது. பிறகு, கை மெத்தையைத் துழாவவே இல்லை என்று உறைத்ததும், அழுகை வந்தது. கண்ணைக் கசக்கக்கூடாதென்று சொல்லியிருந்ததால், துடைக்காமலே அழுதாள்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் நேரே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஜெயராஜ் ஓடிவந்து காதருகே குனிந்தார்.

"தாலி ஏறுற நேரம் ரூபினி. பொண்ணு கண்ணுல நீ படக்கூடாது. பின்னால போய் நின்னுக்க. அதான் கண்ணு நல்லாயிருச்சே, அங்கேருந்தே தெரியும்."

"நல்லாவே தெரியுது அத்தான். பின்னால நிக்கிறது யாருன்னு இத்தனை வருஷம் கண்ணாடி போட்டும் நான் பாக்கலே. எல்லாம் புருஷனைப் பறிகொடுத்தவங்க."

எழுந்து திரும்பி, மேளத்தையும் மீறிக் கூப்பிட்டாள்: "அக்கா! இங்க நாற்காலி காலியாத்தான் இருக்கு. வாங்க!"

கடைசித் தூணோரம் நின்ற மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.