வலப்பக்கத்தில் இருந்தவள்

தொண்ணூறுகளில் பழைய கார்களை வாங்கிச் சேர்க்கும் பித்து எனக்கு. மலேசியாவின் கிள்ளானில் ஒருவர் தம்முடைய அமெரிக்க மஸ்டாங், ஆஸ்திரேலிய ஃபால்கன் இரண்டில் ஒன்றை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவர் மனைவி இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

"மஸ்டாங் அழகுதான் அண்ணே. ஆனா ஸ்டீயரிங் இடது பக்கம். நம்ம ரோட்டுக்கு ஃபால்கன்தான் சரி லா," என்றேன்.

அவர் மஸ்டாங்கில் என்னை வலப்பக்கம் உட்காரவைத்து, மேரு சாலையில் ஓட்டிப்போனார். முன்னால் ஒரு லோரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதை முந்தலாம் என்றால், எதிரே வரும் வண்டிகள் அவர் பக்கமிருந்து தெரியாது; எனக்குத்தான் தெரியும்.

"ரோடு காலி. போலாம் அண்ணே."

அவர் வேகமெடுக்கவில்லை.

"ஃபால்கன்ல ஏறினா அவ தூங்கிடுவா. இதுல தூங்கவே மாட்டா. எட்டிப் பாத்து 'போலாங்க'ன்னு அவதான் சொல்லணும். அவ சொன்னா நான் கண்ண மூடிக்கிட்டு முந்திடுவேன்."

மேரு வரை லோரிக்குப் பின்னாலேயே போனோம்.

அவர் ஃபால்கனைத்தான் விற்றார். நான்தான் வாங்கினேன். அதில் என் மனைவியும் நன்றாகத் தூங்குகிறாள். முன்னால் லோரி வந்தால், சாலை எனக்குத் தெளிவாகத் தெரிந்தாலும், அவளை எழுப்பிக் கேட்கிறேன்: "போலாமா?"