காயல் சேற்றை அளந்த அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் கோவையில் கல்லூரி இயற்பியல் பேராசிரியை என்பது உறவினர் அனைவருக்கும் தெரியும். விடுமுறைகளில் எங்கே போய்வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

தாராபுரத்தை அடுத்த எங்கள் தோட்டத்தில் பிறந்தவர். எங்கள் சிறுவயதிலேயே அப்பா தவறியதால் அக்கா வேலைக்குப் போய்த்தான் நான் படித்தேன். திருமணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மேற்குக் கடற்கரையில் ஒரு காயலின் நீரிலும் சேற்றிலும் கதிரியக்கம் கலந்திருக்கிறதா என்று ஆராயத் தொடங்கினார். ஒருமுறை துணைக்குப் போயிருந்தேன். கரையிலிருந்த கனிமமணல் ஆலையின் கழிவுநீர் காயலில் விழும் இடத்தில், மார்பளவு நீரில் நின்று பெண்கள் சமைப்பதற்கும் விற்பதற்கும் மட்டிச் சிப்பி அள்ளிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது, வாடையும் இல்லை. ஆனால் படகில் அள்ளிப்போட்ட சேற்றருகே அக்கா கதிரியக்கம் அளக்கும் கருவியைக் கொண்டுபோனதும் அது படபடவென்று ஒலித்தது. ஒரு பெண் சிரித்தபடி கை நிறைய மட்டியை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டார். கோவைக்கு வந்ததும் அதையும் ஆய்வகத்தில் அளந்தார். அதிலும் கதிரியக்கம் இருந்தது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

முடிவை வெளியில் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்றார் ஓர் அதிகாரி. ஆய்வுக்கான அனுமதியும் நின்றுபோனது.

“விட்டுப்போடுங்கக்கா, நமக்கு எதுக்குங்க வம்பு?” என்றேன்.

“அவங்க தெனமும் அதுலதான் நிக்கறாங்க கண்ணு. தெரிஞ்சுபோட்டு எப்படிச் சும்மா இருக்கறது?”

தனியாகப் போய்ச் சொன்னார். பிழைப்பைக் கெடுக்க வந்தவள் என்று அந்தப் பெண்களே விரட்டினார்கள். மறுபடியும் போனார். மெல்ல மெல்ல நம்பினார்கள். கடைசியில் அவர்களே திரண்டு மறியல் செய்ய, கழிவுநீர் வாய்க்கால் அடைக்கப்பட்டது. அடியில் படிந்த சேறு அப்படியே கிடக்கிறது.

பிறகு அக்காவுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. “அந்தச் சேத்தாலதானுங்களாக்கா?” என்று கேட்டுவிட்டேன். “அளக்காம எதையும் சொல்லப்படாது கண்ணு” என்று கண்ணை மூடிக்கொண்டார். மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், இரவெல்லாம் உடனிருந்த செவிலியருக்கும், இறுதிச் சடங்குக்கு ரயிலேறி வந்து வாசலில் நின்று அழுத காயல்கரைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் மாணவிகள் இருவர் போன வாரம் அங்கே போய்ச் சேறு எடுத்து வந்திருக்கிறார்கள். காற்றுப் புகாமல் மூடி, சில வாரங்கள் வைத்திருந்தால்தான் துல்லியமாக அளக்க முடியுமாம். காத்திருக்கிறோம்.