பன்றி வால் வைத்த பேனாக்கத்தி

ஆடிப் பதினெட்டு அன்று பாப்பாரப்பட்டியில் ஒரு வீட்டில், வடை பாயசத்தோடு இலையில் உட்கார வேண்டிய நேரத்தில், அத்தனை பேரும் வாயடைத்துப் போய் நின்றோம். காரணம் ஒரு பேனாக்கத்தி. பயப்படாதீர்கள், யாரும் யாரையும் குத்தவில்லை. அது ஒரு பிறந்த நாள் பரிசு. அதை வாங்கிக்கொண்டு போன புத்திசாலி... வேறு யார்? அடியேன்தான்.

எனக்குப் பேனாக்கத்திப் பைத்தியம் உண்டு என்பதை வாராவாரம் என்னைப் படிக்கிற உங்களிடம்கூட இத்தனை நாள் மறைத்துவிட்டேன். பென்சில் சீவுகிற குமாஸ்தாவுக்கு ஒரு கத்தி போதும். என் மேஜை டிராயரில் நாலு இருக்கின்றன. ஐந்தாவது வாங்கினால் வீட்டில் கேள்வி வரும். எனவே ஒரு யுக்தி செய்தேன். பட்டணத்தில் இப்போதெல்லாம் பிறந்த நாளுக்குப் பரிசு கொடுக்கிறார்களாமே! நாம் மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுச் சும்மா இருப்பதா? குடும்பத்தில் யாருக்குப் பிறந்த நாள் வந்தாலும் ஒரு கத்தி என்று தீர்மானித்தேன்.

கொடுத்தால்தான் என்ன? இரண்டு நாள் கழித்து, "கொஞ்சம் கொடு, பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கி வந்துவிடலாம் அல்லவா?

மனைவிக்கு முத்துச்சிப்பிப் பிடி போட்டது. அரிவாள்மணை இருக்கிற வீட்டில் இது எதற்கு என்று கேட்டாள். பிறகு காப்பிப் பொடி டின்னின் மூடியை நெம்பப் பார்த்து, ஒரே வாரத்தில் நுனியை ஒடித்தாள். அண்ணாவுக்கு ஆறு அலகு வைத்தது. வாங்கிய அன்றைக்கே கட்டைவிரலை அறுத்துக்கொண்டார். துணி சுற்றிய அந்த விரலை என் மூக்குக்கு நேரே ஆட்டி ஆட்டியே ஒரு மாதம் பேசினார். அக்கா தனக்குக் கொடுத்ததை இன்னும் திறக்கவே இல்லை. நகம் பிய்ந்துவிடுமாம்.

மனிதர்கள் திருந்த மாட்டார்கள் — நான் என்னைச் சொல்கிறேன்.

இந்த வருஷம் என் மைத்துனன் பெருமாளின் முறை. மனைவியின் தம்பி. பாப்பாரப்பட்டியில் நிலம், ஒரு ஜோடி மாடு, வண்டி. ஆடிப் பதினெட்டில் பிறந்ததால் அவன் பிறந்த நாளை மட்டும் எங்கள் குடும்பத்தில் யாரும் மறப்பதில்லை.

பெருமாள் நல்லவன். ஆனால் குடித்துக்கொண்டிருந்தான். நம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்ததும் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டோம். இவனோ புளி ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கு வண்டி ஓட்ட ஆரம்பித்தான். மைசூர் எல்லையைத் தாண்டிவிட்டால் கேட்பார் யார்? ஊரில் கள்ளோடு நின்றவன், அங்கே சீமைச் சரக்கே பழகிவிட்டான். போன வருஷம் அவன் மனைவி மாதம்மாள் இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு அதியமான்கோட்டைக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இனித் தொடுவதில்லை என்று இவன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் திரும்பி வந்தாள். அதற்கு ஆறு மாதம் ஆகிறது.

இந்த ஆடிப் பதினெட்டுக்கு மாதம்மாளின் அப்பா வருவதாக இருந்தது. விருந்துக்கு என்று பெயர். உண்மையில் மாப்பிள்ளை திருந்திவிட்டானா என்று பார்க்க. திருப்தி இல்லையென்றால் அன்றைக்கே மகளையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவதாக முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார்.

"அவுங்க எதிர்ல தம்பிக்கு ஒரு மரியாத பண்ணுங்க. நல்லதா ஏதாச்சும் வாங்கியாங்க" என்றாள் என் மனைவி. கண் கலங்கித்தான் சொன்னாள்.

நல்லதாக என்றால் எனக்கு வேறென்ன தோன்றும்?

தர்மபுரி பஜாரில் ஒரு சாயபுவின் இரும்புக் கடை. பெங்களூர் ராணுவத் தண்டில் யாரோ ஒரு துரை ஊருக்குப் போகும்போது ஏலம் விட்ட சாமான்கள் வந்திருந்தன. அதில் கிடந்தது, மான் கொம்புப் பிடி போட்ட கத்தி. பெரிய அலகு ஒன்று, சின்னது ஒன்று, டின் வெட்டுகிற கொக்கி ஒன்று. முதுகுப் பக்கம், பன்றிக்குட்டியின் வால் மாதிரி சுருண்டு சுருண்டு ஒரு கம்பி. இது எதற்கு என்று கேட்டேன். சாயபு ஐந்து வேளை தொழுகிற மனுஷர், அவருக்கு எப்படித் தெரியும்? மாட்டுக்கு மூக்குக் குத்துவதற்கோ என்னவோ என்றார். ஆகா! பெருமாள் மாடு வைத்திருக்கிறான். இதைவிடப் பொருத்தமாக ஒரு பரிசு உண்டா? அவனுக்காகவே அந்தத் துரை சீமையிலிருந்து கொண்டுவந்தது போல எனக்குப் பட்டது.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் இப்போது கிடைப்பது கரி எரித்து ஓட்டுகிற பஸ். மேட்டில் நாங்கள் எல்லோரும் இறங்கி நடந்தோம். பஸ் பின்னால் வந்தது. எனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. ஜேபியில் கத்தியைத் தடவிக்கொண்டே போனேன்.

வீட்டில் மாதம்மாளின் அப்பா, பெரியவர், வந்து உட்கார்ந்திருந்தார். வெளியே அவர் வண்டி, மாடு அவிழ்க்காமல் நின்றது. நான் பெருமாளைக் கூப்பிட்டு, எல்லோர் எதிரிலும் கத்தியைக் கையில் கொடுத்தேன். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று என் மனைவி காதருகில் முணுமுணுத்தாள். இந்தக் காலத்திலுமா இந்த மூடநம்பிக்கை என்று ஒரு பார்வை பார்த்தேன்.

பெருமாள் கத்தியைப் புரட்டினான். கம்பியைக் கண்டதும் கை நின்றுவிட்டது. பெரியவர் கையை நீட்டி வாங்கினார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"இந்த முறுக்குக் கம்பி என்னாத்துக்குங்க?"

நான் விடுவேனா? கன்றுக்கு மூக்கணாங்கயிறு போட, மூக்குக் குத்துகிற கருவி என்று விரலால் அபிநயத்தோடு விளக்கினேன். பிறந்தது முதல் மாட்டோடு மாடாக வாழ்ந்த மனுஷர். கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதால் குத்தினால் மூக்கே பிய்ந்து கையில் வந்துவிடுமே என்றார், மரியாதையாகத்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சீமையில் மாட்டுக்கு மூக்கு பெரிது என்று சொல்லிவைத்தேன்.

அப்போதுதான் சமையல் கட்டு வாசலில் மாதம்மாளைப் பார்த்தேன். கையில் பாயசப் பாத்திரம். முகத்தில் ரத்தமே இல்லை. இதே மாதிரிக் கம்பி ஒன்றைப் போன வருஷம் பெருமாளின் மூட்டையில் கண்டெடுத்துக் கிணற்றில் வீசியவள் அவள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. பெரியவரும் மகள் முகத்தைப் பார்த்துவிட்டார். மெதுவாக மருமகன் பக்கம் திரும்பினார்.

"நீங்க பெங்களூரெல்லாம் போயி வந்தவரு. இது என்னான்னு தெரியுங்களா மாப்பிள்ளே?"

தெரியாது என்று சொன்னால் முடிந்தது. நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். பெருமாள் தலை குனியவில்லை.

"தெரியுங்க மாமா. பிராந்தி சீசாவுல தக்கை புடுங்கறதுங்க. எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு."

ஒரு குடும்பத்தை என் கையாலேயே பிரித்துவிட்டேனே! என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

பெருமாள் எழுந்து, மாமனார் கையிலிருந்து கத்தியை எடுத்தான். நேராக மாதம்மாளிடம் போனான். அவள் காலடியில், வாசற்படியில் வைத்தான். "நீயே வெச்சிக்க" என்றான்.

அவள் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். கத்தியை எடுத்தாள். ஒவ்வொன்றாக மடக்கி, கடைசியில் அந்தக் கம்பியையும் மடக்கி, இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள்.

"இலை போட்டாச்சு. கை கழுவிக்கிட்டு வாங்கப்பா."

பெரியவர் எழுந்து வெளியே போய் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்தார். பாயசம் இரண்டு தரம் கேட்டு வாங்கினார். நானும் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் குழந்தையின் காய்ச்சல் மருந்து சீசாவை மாதம்மாள் அந்தக் கம்பியால்தான் திறந்தாளாம். எத்தனை வருஷமாக மசிப் புட்டித் தக்கையைப் பல்லால் கடித்துப் பிடுங்குகிறேன்... எனக்கு ஏன் ஐயா இது தோன்றவில்லை?

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் வெறும் முட்டாள் என்பதோடு போயிருக்கும். விருந்தன்று சாயங்காலம் பெரியவர் தனியாகவே வண்டி ஏறினார். ஏறும்போது என்னை ஓரமாக அழைத்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"படிச்சவருங்க நீங்க. மாப்பிள்ள நெசம் பேசுறாரான்னு பாக்கத்தானே அதைக் கொண்டாந்தீங்க?"

இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மூன்று எழுத்து. உண்மையைச் சொன்னால் பெருமாளைப் போல எனக்கு விட்டுப் போகிற மனைவியும் இல்லை, பூட்டி நிற்கிற வண்டியும் இல்லை. ஆனாலும் மெதுவாக... ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

இதை எழுதலாமா என்று பெருமாளிடம் கேட்டேன். "எழுதிக்கங்க மாமா, எனக்கு மறைக்க என்னா இருக்குது?" என்றான். அவனுக்கு இல்லைதான்.

பெரியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் நான் எழுதுகிறேன்.