சகலை காரும் என் காரும்

பனியன் தொழிலில் இருப்பவன் அடுத்தவனுடைய பனியனைப் பார்ப்பதில்லை. அவன் எதில் வந்து இறங்குகிறான் என்றுதான் பார்ப்பான். பழைய கார் வாங்கிப் படாதபாடு படும் அன்பர்களே, நான் அப்படிப் பார்த்துக் கெட்டவன்.

வாங்கிய கதை

என் சகலை சின்னச்சாமியும் நானும் திருப்பூரில் ஒரே வருஷம் பனியன் கம்பெனி ஆரம்பித்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அவர் புத்தம்புதுக் கறுப்புக் கார் வாங்கினார். என் மனைவி ருக்மணியை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினார். திரும்பி வந்தவள் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

அடுத்த வாரமே கோயம்புத்தூர் போய், ஒரு டாக்டர் பதினாறு வருஷம் ஓட்டிக் கழித்த காரை வாங்கி வந்தேன். ருக்மணி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏனுங்க, இது ரொம்ப நாளா நம்ம ஊட்டுலயே கிடந்த மாதிரி இருக்குதுங்க.”

மடத்துக்குளம் கல்யாணம்

மடத்துக்குளத்தில் மச்சினன் கல்யாணம். உடுமலை தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. பின்னாலேயே சகலை வந்தார். “எல்லாரும் ஏறுங்க, தம்பி நீங்களும் வாங்க” என்றார். எனக்கு வீம்பு. “நீங்க போங்கண்ணா, நான் வந்தர்றேன்” என்றேன். ருக்மணி ஏறும்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தியெல்லாம் முடிந்து அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வயது மகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்: “அப்பா, பெரியப்பா கார்ல வந்தா தாலி கட்டறதைப் பாக்கலாமுங்கப்பா.”

மதுரைக் கடைக்காரர்

மதுரையில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர் தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் கொடுக்க வந்தார். சகலை முந்திவிடுவாரோ என்று நானே காரோடு ஸ்டேஷனுக்குப் போனேன். கடைவீதி நடுவில் வண்டி நின்றது. அவர் வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டி இறங்கித் தள்ளினார். அசையவில்லை. அந்த நேரம் பார்த்தா கறுப்புக் கார் வரவேண்டும்!

சகலை அவரை ஏற்றிக்கொண்டார். என் கம்பெனியில்தான் கொண்டுவந்து இறக்கினார். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கடைக்காரர் சாம்பிளைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். வாசலில் நின்று சொன்னார்: “கோவிச்சுக்கிறாதீங்க, நீங்களே நேரத்துக்கு வந்து சேரலையே, சரக்கு எப்படி வந்து சேரும்?”

அந்தத் தீபாவளிக்குச் சகலை கம்பெனியில் இரண்டு ஷிப்டு ஓடியது.

கைக்கு வந்தது

இரண்டு வருஷம் கழித்துச் சகலை காரை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். முதல் நாள் அவர் வீட்டு வழியாகவே நாலு தடவை ஓட்டினேன். மூன்றாம் மாதம் கியர்பாக்ஸ் போனது. சகலையோ காரை விற்ற கையோடு இரண்டு நிட்டிங் மிஷின் இறக்கிப் புதுக் கொட்டகை போட்டிருந்தார்.

பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன், “கியர்பாக்ஸ் போகும்னு தெரிஞ்சுதான் தள்ளி உட்டீங்களாண்ணா?” அவர் மிஷினை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்தார்: “சத்தியமா இல்லீங்க தம்பி, நீங்க பாத்த பார்வையில எனக்கு அதுல உக்காரவே கூச்சமாப் போச்சுங்க.”

இப்போது அவருடைய மிஷின்களையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனுஷன் விற்கிற மாதிரித் தெரியவில்லை.