அமிலத்தில் ஊற்றிய தண்ணீர்

நகரியில் பத்தாவது வரை தமிழில் படித்த நான், திருப்பதி காலேஜில் எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்டேன். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்ற விதியை ஒருநாள் காலை ஆங்கிலத்தில் பிசகாமல் ஒப்பித்தேன். கெமிஸ்ட்ரி சார் "பாகுந்தி" என்று மெச்சினார்.

மதியம் லேபில் அமிலத்தில் தண்ணீரை ஊற்றினேன். கொதித்துத் தெறித்ததில் இடது கை வெந்துபோனது.

"காலையில நீதானேடி சொல்லிக்கினு இருந்தே?" என்று பக்கத்திலிருந்த தோழி பதறினாள்.

"சொன்னேன். அதுக்கு இதான் அர்த்தம்னு தெரியாது."

சார் இப்போதாவது அர்த்தம் சொல்வார் என்று பார்த்தேன். அந்த விதியையே ஆங்கிலத்தில் நூறு முறை எழுதிவரச் சொன்னார்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. கட்டுப் போட்ட கையால் தாளை அழுத்திக்கொண்டு எழுதினேன். முழு மார்க்.

கையில் தழும்பு இருக்கிறது. எனக்குப் புரிந்த வேதியியல் அவ்வளவுதான்.